கேக் படம் போட்ட பாட்டில்

நான் புடவை கட்டிக்கொள்கிற ஆண்பிள்ளை. முகம் சுளிக்காதீர்கள், தொழில் அப்படி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை மேல் சம்மணம் போட்டு உட்காருவேன். எதிரே பெண்கள் கூட்டமாக உட்காருவார்கள். "தோள் மேல போட்டுக் காட்டுப்பா" என்று யாராவது ஒருத்தர் சொல்வார். உடனே எழுந்து புடவையை என் தோளில் போட்டு, முந்தியை முழங்கையில் வழியவிட்டு, கொஞ்சம் ஒயிலாக நிற்பேன். அத்தனை கண்களும் என் கழுத்துக்குக் கீழே இருக்கும். கழுத்துக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்று பதினைந்து வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

முகூர்த்த மாதம் வந்தால் ஒரு நாளைக்கு முப்பது தடவை கல்யாணப் பெண் ஆவேன். மாப்பிள்ளை ஒரு தடவைகூட ஆகவில்லை. ஆகியிருப்பேன். ஒரே ஒரு முறை பெண் பார்க்கப் போனேன். பெண் காபித் தட்டோடு வந்து நின்றது. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் பழக்க தோஷத்தில் முந்தியைப் பார்த்தேன். "ஜரிகை அசல் இல்லீங்க, உங்கள யாரோ ஏமாத்தி இருக்காங்க" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பஜ்ஜி வருவதற்கு முன்பே எங்களை வழியனுப்பி வைத்துவிட்டார்கள்.

இதை என் நண்பனிடம் சொன்னபோது அவன் சைக்கிளிலிருந்து இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தான். ஜோக் அடிக்கிறவனுக்கு அப்படி ஒருத்தன் வேண்டும். ஒரு ஆள் சொல்ல, ஒரு ஆள் சிரிக்க. அவன் அமெரிக்கா போன பிறகும் நான் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிக்கிற ஆள் பதவி மட்டும் காலியாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி முடிக்கிறவரை ஒரே பெஞ்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடைசிப் பரீட்சை எழுதின அன்று, இரண்டு பேரும் சைக்கிள் மிதித்துத் தென்னேரிக்குப் போனோம். அந்த ஏரி எவ்வளவு பெரியது என்றால், கரை மேல் உட்கார்ந்து தப்பு செய்தால் எதிர்க்கரைக்காரனுக்குத் தெரியாது. அவன் பையில் ஒரு பீர் பாட்டில். வாழ்க்கையில் முதல் பீர். வாலாஜாபாத்தில் வாங்கியது, வெயிலில் வந்ததில் நன்றாகச் சுட்டிருந்தது. சோப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வருகிற ருசி. ஒரு வாய் குடித்துவிட்டு அவன் ஏரியைப் பார்த்து எல்லாவற்றையும் துப்பினான்.

"இத்தக் குடிச்சிட்டாடா ஜனங்க சண்ட போடுறாங்க?" என்றான்.

"இத்தக் குடிச்ச கோவத்துல போடுறாங்க" என்றேன்.

அவன் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "நல்ல பீருன்னு ஒண்ணு உலகத்துல எங்கியாவது இருக்கும்டா. அத்த நான் உனக்கு வாங்கினு வந்து குடுக்குறேன். இங்கயே ஒக்காந்து குடிக்கலாம்."

போதையே ஏறாமல் சொன்ன சத்தியம். அதனால் நம்பினேன்.

அவன் அமெரிக்கா போன புதிதில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்டர்நெட் சென்டருக்குப் போய், மணிக்கணக்கில் காத்திருந்து, மின்னஞ்சல் பார்த்தேன். பிறகு பண்டிகை வாழ்த்து மட்டும் வந்தது. கடைசியாக வந்த தீபாவளி வாழ்த்தில் என் முகவரியோடு இன்னும் ஐம்பது பேருடைய முகவரியும் வரிசையாக நின்றது. அதில் நான் முப்பத்தேழாவது. எண்ணிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை.

எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்ட ஒரு டிசம்பரில், ஒரு புதன்கிழமை, அவன் கடைக்குள் நுழைந்தான். கூடவே மனைவி, மாமியார், மச்சினி. தை மாதம் மச்சினிக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள்.

"இவன் என் ஃப்ரெண்டு அத்தை, சின்ன வயசுல இருந்து" என்று என்னைக் காட்டினான்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த அரக்குல மாம்பழ பார்டரைப் போட்டுக் காட்டுங்க தம்பி."

போட்டுக் காட்டினேன். அரக்கு, மயில் கழுத்து, மாம்பழம், கத்தரிப்பூ. மச்சினி கண்ணாடியில் என் தோளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒவ்வொரு புடவைக்கும் நான் ஒயிலாக நின்றபோது அவன் மட்டும் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னெல்லாம் இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் விழுந்து புரண்டிருப்பான். அன்று அவன் சிரிக்காதது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆள் வளர்ந்துவிட்டான், பாவம்.

பதினோராவது புடவைக்கு அவர்கள் முடிவுக்கு வந்ததும், அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்கு வந்தான். தோள்பையிலிருந்து துண்டில் சுற்றின ஒன்றை எடுத்து என் கையில் திணித்தான்.

"மச்சான், ஞாபகம் கீதா?"

பிரித்துப் பார்த்தேன். குட்டையான கறுப்பு பாட்டில். மேலே ஒட்டின காகிதத்தில் சாக்லேட் கேக் ஒன்று, பாகு வழிய, செர்ரிப் பழத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது, பர்த்டேவா?"

"பீருடா. கேக்கு மாதிரியே இருக்குமாம். சின்னக் கம்பெனி, கொஞ்சமாத்தான் காய்ச்சுவானுங்க. ஞாயித்துக்கெழம பதினோரு மணி, தென்னேரி. ஜில்லுன்னு பண்ணி எடுத்துக்கினு வந்துடு. டம்ளரும் எடுத்துக்கோ."

பத்து வருஷத்துக்கு மேலாகியும் மறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் ஐம்பது பேர் வரிசையிலிருந்து நான் முதல் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் முதல் சிக்கல் டம்ளர். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர், காபி, ரசம் எல்லாம் அதில்தான். பாத்திரக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர் பெயர் வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "யார் பேர் சார் போடணும்?" என்றார். அதை எடுத்துப் புழங்கப் போகிறவர் யார் என்று யோசித்துவிட்டு, "சும்மா இருக்கட்டும்" என்றேன்.

இரண்டாவது சிக்கல் ஜில்லென்று பண்ணுவது. நான் குடியிருந்தது சின்னக் காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாமி வீட்டின் பின்பகுதியில். மாமி தனியாள். பிள்ளை வெளிநாட்டில். எனக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது, மாமிக்கு உண்டு. அதன் மேல்தட்டு பெருமாள் பாலுக்கு. கீழ்த்தட்டு என்னைப் போன்ற பாவிகளுக்கு.

"என்னதுப்பா அது?" என்றாள் மாமி.

"கேக்கு மேல ஊத்துற சாக்லேட் பாகு, மாமி. அமெரிக்காவுலேந்து ஃப்ரெண்டு கொண்டாந்தான்."

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "முட்டை கிட்டை சேத்திருக்கானா?"

"ஐயையோ. எல்லாம் தானியம் மாமி. பார்லி."

"பார்லியா? பேஷ். நீர் நன்னாப் பிரியும்."

அந்த ஒரு விஷயத்தில் மாமி சொன்னது முழு உண்மை.

நான் மறந்தது ஒன்று. அது மார்கழி. மார்கழி முப்பது நாளும் அந்த வீட்டில் விடியற்காலை பொங்கல் வைத்துப் பெருமாளுக்குப் படைப்பார்கள். தித்திப்பாக எது வீட்டுக்குள் வந்தாலும் அவருக்குக் காட்டாமல் ஒரு வாய் உள்ளே போகாது. பிள்ளை அனுப்புகிற சாக்லேட்டைக்கூட மாமி அப்படித்தான், காகிதத்தைப் பிரித்து, தட்டில் அடுக்கி, படைத்துவிட்டுத்தான் தெருக் குழந்தைகளுக்குக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டிலை எடுக்கப் போனேன். கீழ்த்தட்டு காலி. எட்டிப் பார்த்தால், பூஜை அறையில், வெண்கலப் பானைப் பொங்கலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், கேக் படம் முன்பக்கம் தெரிய, என் பீர் உட்கார்ந்திருந்தது. குளிர்ந்து வேர்த்த கழுத்தில் ஒரு துளசி இலை. மாமி மணியடித்துக்கொண்டிருந்தாள்.

மாமி தீபத்தை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"மூடியைத் திறக்கத் தெரியலைப்பா. அதனால என்ன, அவருக்குத் தெரியாததா? அப்படியே கண்டருளப் பண்ணிட்டேன்."

அவருக்குத் தெரியும் என்பதுதானே பிரச்சினை. மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தப்பு என்னுடையது சுவாமி, மாமி பேரில் எழுதிவிடாதீர்.

பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினாள். "இனிமே இது பிரசாதம். சிந்தாம சாப்பிடணும், கீழே கொட்டப்படாது. நீ பாட்டுக்கு உன் அறையிலே தனியா உக்காந்து முழுங்காதே. யாருக்காவது ஒரு வாயாவது குடுத்துட்டு சாப்பிடு."

"ஃப்ரெண்டுக்குத்தான் மாமி. அவனோட சேர்ந்துதான்."

"அதான் சரி" என்று உள்ளே போனாள்.

பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றி, டம்ளர் இரண்டையும் பையில் போட்டு, மொபெட்டில் கிளம்பினேன். வழியெல்லாம் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தன. இந்த மாமி கதையை அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பார்லி என்கிற இடத்தில் ஒரு இடைவெளி விட வேண்டும். துளசியைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். பல வருஷ விடுமுறைக்குப் பிறகு சிரிக்கிற ஆள் வேலைக்குத் திரும்புகிறான். முதல் நாளே நல்ல வேலையாகக் கொடுக்க வேண்டும்.

பத்தரைக்கே போய்விட்டேன். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தது. மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் செல்போனில் கொஞ்சம் சிக்னல் வரும். பதினொன்று ஆனது. பதினொன்றரை. துண்டை ஏரியில் நனைத்து நனைத்துப் பாட்டிலுக்குச் சுற்றினேன், காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுகிற மாதிரி. பன்னிரண்டு. கரை மேல் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து நின்றேன். ஒரு டிராக்டர். ஓட்டி வந்தவர் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, சபரிமலைக்கு விரதம். டிராக்டரைக் கழுவ வந்திருந்தார்.

"சாமி, யாருக்கோ வெய்ட் பண்ணிக்கினு இருக்குறீங்க போல" என்றார்.

"ஃப்ரெண்டு வரான் சாமி."

"அது இன்னா சாமி கறுப்பா, பாட்டில்ல?"

யோசித்தேன். பிரசாதம் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் கையை நீட்டுவார். விரதக்காரரை பீரில் இறக்கிய பாவம் வேறு என் தலையில் ஏறும். மாமி சொன்ன 'யாருக்காவது ஒரு வாய்' என்பதற்கு அந்தக் கரையில் கிடைத்த ஒரே வாய், அதுவும் மாலை போட்ட வாய்.

"இருமல் மருந்து சாமி" என்றேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், இரண்டு டம்ளரையும் பார்த்தார். "பெரிய இருமலா இருக்கும் போல கீதே சாமி" என்றார். டிராக்டரைக் கழுவிவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கோங்க சாமி" என்று சொல்லிப் போனார்.

ஒரு மணிக்கு நானே அவனுக்குப் போன் போட்டேன். உள்ளே கார் ஓடுகிற சத்தம், மாமியார் குரல், குழந்தை அழுகை.

"எங்கடா கீற? ரெண்டரை மணி நேரமா ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"ஆங், சொல்லுங்க சார்" என்றான்.

"யார்ரா சார்?"

"சார், நான் இப்ப வேலூர் ரோட்டுல போய்க்கினு இருக்கேன் சார். ஃபேமிலியோட. மச்சினி கல்யாணப் பத்திரிகை வைக்கணும்னு காலைலதான் சொன்னாங்க சார்."

புரிந்தது. காரில் எல்லாரும் இருக்கிறார்கள். நான் இப்போது ஆபீஸ்.

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு ஃப்ளைட் சார். எனக்கு லீவு முடிஞ்சுது. இவங்கல்லாம் கல்யாணம் முடிச்சுத்தான் வருவாங்க."

ஒரு கொக்கு, தண்ணீரில் நிற்கிற இன்னொரு கொக்கின் பக்கத்தில் போய் இறங்கியது. அது எனக்குத் தேவையா அந்த நேரத்தில்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றான். "நீங்களே ஓப்பன் பண்ணிடுங்க சார். இப்பவே. நான் கேட்டுக்கினு இருக்கேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். தோளில் எதையும் நிறுத்துவதுதானே என் தொழில். மதகின் இரும்புச் சட்டத்தில் மூடியின் விளிம்பை வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து. புஸ்ஸென்றது.

"கேட்டுது சார்" என்றான்.

டம்ளர் இரண்டிலும் சமமாக ஊற்றினேன். மொபெட்டிலிருந்து மாற்றின பழைய ஆயில் மாதிரி மெதுவாக இறங்கியது. மேலே நுரை, டிகாஷன் காபி நிறத்தில். ஒரு வாய் குடித்தேன்.

"எப்பிடி இருக்குது சார்?"

"நீ குடிச்சதில்லியா?"

"இல்ல சார். நான் இன்னும் டெஸ்ட் பண்ணல. வாங்கி ஒரு வருஷம் அலமாரிலயே வச்சிருந்தேன். அங்க யாரு இருக்காங்க சார் சேர்ந்து டெஸ்ட் பண்ண? உங்ககூடத்தான் பண்ணணும்னு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாங்க வந்தவருக்குச் சரக்கை எடுத்துக் காட்டுவது. கரை மேல் எழுந்து நின்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல மூக்குல காப்பிக்கொட்டை வறுக்குற வாசன வருதுடா. நாக்குல பட்டதும் இனிப்பு. சும்மா இனிப்பு இல்ல. சர்க்கரப் பொங்கல் பானையில அடி புடிச்சிக்கும் பாரு, வெல்லம் கருகி, சுரண்டித் தின்னுவமே, அந்த இனிப்பு. அதுக்குப் பின்னால கேக்கு. நெசமாவே கேக்குடா. பேக்கரி வாசல்ல நிக்குற மாதிரி. அப்பறம் முழுங்கும்போது ஒரு கசப்பு வருது."

"கசப்பா சார்?"

"வேப்பங்கொழுந்து கசப்பு இல்ல. ரெண்டாவது டிகாஷன் கசப்பு. அப்பறம் நெஞ்சுக்குள்ள சுக்குத் தண்ணி குடிச்ச மாதிரி ஒரு சூடு. அவ்ளோதான். அன்னிக்குக் குடிச்சது பீரே இல்லடா. நீ சொன்ன மாதிரிதான், நல்லது ஒண்ணு எங்கியோ இருந்திருக்குது."

அந்தப் பக்கம் மாமியார், "ஞாயித்துக்கெழமகூட ஆபீஸா மாப்பிள்ள?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"தாங்க்ஸ் சார்" என்றான் அவன். "ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்குது சார்." அப்போதுதான் மாமி கதை ஞாபகம் வந்தது. "டேய், ஒரு நிமிஷம் இருடா, இந்தப் பாட்டில் பூஜை ரூம்ல" என்று ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்காவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

என் டம்ளர் தீர்ந்தது. அவன் டம்ளர் மதகுக் கல் மேல் நிரம்பி நின்றது. அதைத் தொட மனசு வரவில்லை. ஏரியில் ஊற்றிவிடலாம், அன்றைக்கு அவன் துப்பிய ஏரிதானே என்று கையில் எடுத்தேன். அப்போதுதான் காலி பாட்டிலின் கழுத்தில் அந்தத் துளசி இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஈரத் துண்டு அதை விடவில்லை. பிரசாதம். கீழே கொட்டப்படாது. டம்ளரை மறுபடி கல் மேல் வைத்தேன்.

அரை மணி நேரம் அது வெயிலில் கிடந்தது. நானும் கிடந்தேன். அப்புறம் வேறு வழி இல்லாமல் அவன் பங்கையும் எடுத்துக் குடித்தேன்.

நான் எதிர்பார்த்தது பழைய சோப்புத் தண்ணீரை. ஆனால் அந்த பீர், குளிர்ச்சி விட்டுச் சூடானதும், வேறு ஒன்றாகிவிட்டிருந்தது. ஜில்லென்று குடித்தபோது கசப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சாக்லேட் பாகாக வழிந்தது. அந்த செர்ரிப் பழம்கூட எங்கேயோ தெரிந்தது. கசப்பு மெல்லிசாக, ஓரத்தில் ஒரு கரை மாதிரி ஓடியது. என் பங்கைவிட அவன் பங்குதான் பிரமாதம். நான் அவனுக்குப் போனில் விவரமாக எடுத்துக் காட்டினது மட்டமான டம்ளரை. பதினைந்து வருஷ அனுபவம், வாடிக்கையாளரிடம் தப்பான புடவையைக் காட்டிவிட்டேன்.

மறுபடியும் போன் போட்டேன். அதே பெண்தான் பேசினாள்.

தலை தெளியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமி கதையை ஒரு தடவை ஏரிக்குச் சொல்லிப் பார்த்தேன். பார்லி என்கிற இடத்தில் இடைவெளி சரியாகவே விழுந்தது. கொக்கு இரண்டும் பறந்து போயின.

வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் மறுநாள் கோலத்துக்குப் பூசணிப் பூ பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். பாட்டிலைக் கையில் வாங்கி, விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க உதவும் என்றாள்.

"ஃப்ரெண்டுக்குக் குடுத்தியோன்னோ?"

"குடுத்தேன் மாமி. சரிபாதி."

"என்ன சொன்னான்?"

பின்கட்டுக் குழாயில் டம்ளர் இரண்டையும் கழுவிக்கொண்டிருந்தேன். பெயர் வெட்டாத டம்ளரைக் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்தேன்.

"ஜில்லு விட்டப்பறம் குடிச்சா இன்னும் நல்லா இருக்குதுன்னு சொன்னான், மாமி."